நாலு தாள், ஒரு மணி நேரம்: ‘இதுவும் நம்ம இடம்தான்’ பயிற்சி குமரி மாவட்டக் கல்லூரிகளில் எடுபடுமா?

முதல் இன்டர்னலில் மார்க் குறைகிறது. மதியம் கூட உட்கார்ந்து சாப்பிட ஆள் கிடைக்கவில்லை. ஆசிரியர் மூன்றாவது தடவையும் பெயரை மாற்றிக் கூப்பிடுகிறார். கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த எந்தப் பிள்ளைக்கும் அப்போது ‘நமக்கு இந்த இடம் சரிப்படாது போலிருக்கே’ என்று தோன்றும். வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அது இரண்டு நாளில் மறந்துபோகும். வீட்டிலேயே முதல் ஆளாகக் கல்லூரி வாசலை மிதித்தவரும், ‘உங்க ஆளுங்களுக்கு எதுக்குப் படிப்பு’ என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்தவரும் அதை அவ்வளவு லேசில் மறப்பதில்லை. ஏற்கெனவே மனதில் இருந்த சந்தேகத்துக்குச் சாட்சி கிடைத்த மாதிரி ஆகிவிடும். பிறகு சந்தேகம் கேட்கப் போவது நிற்கும், லீவு கூடும், அரியர் விழும்.

இந்த ஒரு எண்ணத்தைக் குறிவைத்துச் செய்த பயிற்சிக்கு உளவியலில் சோஷியல் பிலாங்கிங் இன்டர்வென்ஷன் என்று பெயர். ‘ஒட்டுதல் பயிற்சி’ என்று வைத்துக்கொள்வோம். செய்முறை ஆய்வுக் கட்டுரைகளிலேயே விளக்கமாக இருப்பதால் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. நம் மாவட்டக் கல்லூரிகள் இதை எடுத்துச் செய்யலாமா என்றால், செய்யலாம். ஆனால் இதை வைத்து ஒரு மோசமான கல்லூரியை நல்ல கல்லூரியாக்க முடியாது. நல்ல மனம் உள்ள கல்லூரியில், அந்த நல்ல மனம் பிள்ளையின் கண்ணில் படுவதற்கு உதவும். அதற்கு மேல் எதிர்பார்த்து எடுத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

மூல வடிவத்தை முதலில் பார்க்கலாம். அமெரிக்காவில் கிரெகரி வால்டனும் ஜெஃப்ரி கோஹனும் 92 கல்லூரி மாணவர்களிடம் செய்து, 2011-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். முதலாமாண்டின் இரண்டாம் செமஸ்டரில், ஏறக்குறைய ஒரு மணி நேரம். மூத்த மாணவர்களிடம் எடுத்த கருத்தெடுப்பின் முடிவைப் படிக்கக் கொடுத்தார்கள். வந்த புதிதில் எல்லா வகை மாணவர்களுக்குமே ‘நாம இங்க ஒட்டுவோமா’ என்ற கவலை இருந்தது, நாளாக ஆக அது குறைந்தது என்பதுதான் அதன் சாரம். படித்தபின் தங்கள் அனுபவம் அதோடு எப்படி ஒத்துப்போகிறது என்று எழுதச் சொன்னார்கள். எழுதியதையே பேச்சாக்கி, அடுத்த ஆண்டு வரும் மாணவர்களுக்குக் காட்டப்போவதாகச் சொல்லி வீடியோவில் பேச வைத்தார்கள். அவ்வளவுதான். மூன்று ஆண்டு மதிப்பெண்களைப் பார்த்தபோது, கறுப்பின மாணவர்களுக்கும் வெள்ளை இன மாணவர்களுக்கும் இடையே இருந்த இடைவெளி பாதியாகக் குறைந்திருந்தது. கறுப்பின மாணவர்கள் தங்கள் உடல்நலமும் மேம்பட்டதாகச் சொன்னார்கள். வெள்ளை இன மாணவர்களிடம் அப்படி ஒரு மாற்றம் இல்லை. அந்த இடத்தில் தங்களுக்கு இடம் உண்டா என்ற கேள்வி அவர்களுக்கு அந்த அளவுக்கு இருந்ததில்லை.

ஒரு மணி நேரம் எப்படி மூன்று ஆண்டு தாங்கும் என்ற சந்தேகம் நியாயமானது. பயிற்சிக்குப் பிறகு வந்த வாரத்தில் மாணவர்கள் தினமும் எழுதிய குறிப்புகளில் அதற்கு விடை இருக்கிறது. பயிற்சி பெறாத கறுப்பின மாணவர்களுக்கு, நாள் மோசமாகப் போனால் ‘இது நம்ம இடம்’ என்ற எண்ணமும் கூடவே இறங்கியது. பயிற்சி பெற்றவர்களுக்கும் மோசமான நாட்கள் வராமல் இல்லை. அந்த நாட்களில் எண்ணம் இறங்கவில்லை, அதுதான் வித்தியாசம். கெட்ட நாளுக்கு வேறு அர்த்தம் கிடைத்ததும் ஆசிரியரிடம் போகத் தயக்கம் குறைகிறது, ஆசிரியர் முகம் கொடுக்கிறார், அடுத்த தடவை இன்னும் எளிதாகிறது. அதே மாணவர்களை 7 முதல் 11 ஆண்டுகள் கழித்துத் தேடிப்பார்த்து 2020-இல் வெளியான தொடர் ஆய்வும் இதையே சொல்கிறது. பயிற்சி பெற்ற கறுப்பின மாணவர்கள் வாழ்க்கையில் கூடுதல் நிறைவோடு இருந்தார்கள். கல்லூரிக் காலத்தில் தங்களை வழிநடத்த ஒருவரைத் தேடிக்கொண்டதோடு அந்த நிறைவு சேர்ந்து வந்தது. எண்ணம் ஆளைத் தேட வைத்தது. மீதியைச் செய்தது அந்த ஆள்.

92 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. 2023-இல் அதே ‘சயின்ஸ்’ இதழில் 22 கல்வி நிறுவனங்கள், 26,911 மாணவர்கள் என்ற அளவில் ஆய்வு வந்தது. இந்தத் தடவை இணையத்தில், அரை மணிக்கும் குறைவாக. பலன் உண்டு, ஆனால் சிறியது, எல்லா இடத்திலும் இல்லை. வழக்கமாகப் பின்தங்கும் மாணவர்கள் முதலாமாண்டை முழுநேர மாணவர்களாகவே முடிக்கும் விகிதம் கூடியது. அதுவும் அவர்களைப் போன்றவர்கள் ஒட்டி வாழ உண்மையிலேயே வாய்ப்பு இருந்த கல்லூரிகளில் மட்டும். கல்லூரி ஏற்பாடு செய்கிறவர்கள் மற்றதை விட்டாலும் இந்த ஒரு முடிவை மறக்கக்கூடாது.

இனி நம் ஊர்ப் பக்கம். அமெரிக்கப் பொருளை அப்படியே தமிழாக்கிப் போட்டால் வேலை செய்யாது. இங்கே கவலை வரும் வழிகளே வேறு. முட்டம், இனயம், தூத்தூர் பக்கத்துப் பிள்ளைக்கு ‘கடப்புறம்’ (கடற்கரை) என்ற ஒரு சொல்லிலேயே எல்லாம் வந்துவிடும். விளவங்கோடு பக்கத்துப் பேச்சை நாகர்கோவில் வகுப்பில் கிண்டல் செய்வார்கள். பேச்சிப்பாறைக்கு மேலே காணி பழங்குடியினர் குடியிருப்பிலிருந்து வருபவருக்கு வகுப்பில் தன் ஊர்க்காரர் ஒருவர்கூட இருக்க மாட்டார். அருமனை, குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் வீட்டுப் பையன், அண்டி ஆபீஸுக்கு (முந்திரி ஆலைக்கு) வேலைக்குப் போகும் அம்மாவின் மகள், தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் கெமிஸ்ட்ரி கேட்பவர், ஒவ்வொருவருக்கும் தனித்தனி முள். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு சுமார் 92 விழுக்காடு, மாநிலத்திலேயே முதலிடம். அதனால் ‘இங்க எல்லாரும் படிச்சவங்கதானே’ என்ற பேச்சு உண்டு. எல்லாரும் படித்த ஊரில் தன் வீட்டில் மட்டும் யாரும் படிக்கவில்லை என்றால், அந்தத் தனிமை இன்னும் கூடுதல்.

அதனால் பயிற்சியின் உயிர், படிக்கக் கொடுக்கும் கதை அட்டைகளில் இருக்கிறது. இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். இரண்டாம், மூன்றாம் ஆண்டில் 20 முதல் 25 பேரிடம் தனித்தனியாகப் பேசுங்கள். வந்த புதிதில் எது ஒட்டவில்லை, அப்போது என்ன நினைத்தீர்கள், எப்போது கொஞ்சம் மாறியது, இப்போதும் எது மாறவில்லை என்ற நாலு கேள்வி போதும். சம்மதம் வாங்கி, ஊர்ப் பெயரையும் அடையாளத்தையும் மாற்றி, அதில் எட்டு கதை எடுங்கள். எட்டும் கஷ்டப்பட்ட வீட்டுப் பிள்ளைகளின் கதையாக இருக்கக்கூடாது. குறைந்தது மூன்று கதையாவது வசதியான வீடு, ஆங்கில மீடியம், நகரத்துப் பிள்ளை என்று இருக்கவேண்டும். இந்தக் கவலை எல்லாருக்கும் வரும் என்பதுதான் செய்தி. ஒரே வகை ஆட்களின் கதையை மட்டும் கொடுத்தால் ‘உங்களுக்குத்தான் இது வரும்’ என்று முத்திரை குத்தினதாகிவிடும்.

பெரும்பாலும் முதல் தடவை எழுதி வரும் அட்டை இப்படி இருக்கும்: “நான் ஏழை மீனவக் குடும்பத்தில் பிறந்தேன். பல இன்னல்களைக் கடந்து, விடாமுயற்சியால் துறையில் முதலிடம் பெற்றேன். என்னால் முடிந்தது, உங்களாலும் முடியும்.” இதைப் படிக்கும் பிள்ளைக்கு மனம் இன்னும் சுருங்கும். முதலிடம் வாங்கினால்தான் இங்கே இருக்கலாம் போல என்று தோன்றும். உழைத்தால் வரும், வரவில்லை என்றால் நீ உழைக்கவில்லை என்ற குற்றச்சாட்டும் உள்ளே ஒளிந்திருக்கிறது.

வேண்டியது இந்த மாதிரி. வடிவத்தைக் காட்டுவதற்காக எழுதிய மாதிரி அட்டைதான் இது:

“எனக்க ஊரு கடப்புறம். முதல் ரெண்டு மாசம் கேன்டீன் பக்கமே போகல்ல. ஒருநாள் கிளாஸ்ல பதில் சொன்னப்ப எனக்க பேச்சக் கேட்டு பின்னால யாரோ சிரிச்சாவ. அதுக்குப் பொறவு வாயத் தொறக்கல்ல. எனக்கு மட்டும்தான் இப்படின்னு நெனச்சேன். செகண்ட் செம்ல லேப்ல கூட நின்ன நாகர்கோவில் புள்ள சொன்னா, அவளும் முதல் மாசம் முழுக்க பாத்ரூம்ல போயி அழுதாளாம். அவ இங்கிலீஷ் மீடியம். பொறவு பைய பைய கெமிஸ்ட்ரி சார்கிட்ட போயி ஒரு சந்தேகம் கேட்டேன். அவரு திட்டல்ல. இப்பவும் சில நாள் ஒட்டாத மாதிரி இருக்கும். மறுநாள் சரியாயிரும்.”

இதில் நாலு விஷயம் கவனிக்க வேண்டும். சிரித்தது நடக்கவே இல்லை என்று அட்டை மறைக்கவில்லை. தனக்கு மட்டும்தான் என்ற எண்ணம் வேறொரு பிள்ளையின் வாயால் உடைகிறது, ஆசிரியரின் அறிவுரையால் அல்ல. செய்த காரியம் மிகச் சிறியது, யாரும் செய்யக்கூடியது. கடைசியில் எல்லாம் சரியாகிவிட்டது என்று முடியவில்லை, இப்போதும் சில நாள் அப்படி இருக்கும் என்கிறது. அந்தக் கடைசி வரியைப் பலர் ‘நெகட்டிவா இருக்கே’ என்று வெட்டிவிடுவார்கள். வெட்டக்கூடாது. அந்த வரி இருந்தால்தான், மூன்றாம் மாதம் மறுபடி மோசமான நாள் வரும்போது பிள்ளை அட்டையைப் பொய் என்று நினைக்காது. பேச்சுத்தமிழைத் திருத்தி ‘எனது ஊர் கடற்கரைப் பகுதி’ என்று ஆக்குவதும் வேண்டாம். ஒரு அட்டைக்கு 50 முதல் 80 சொல் போதும்.

நேரம் முக்கியம். திறந்த முதல் வாரத்தில் இன்டக்ஷன் நிகழ்ச்சிகளோடு சேர்த்துப் போட்டால் பத்தோடு பதினொன்றாகக் கரைந்துவிடும். முதல் இன்டர்னல் விடைத்தாள் கையில் வந்தபின் போட்டால், அதற்குள் எண்ணம் கெட்டிப்பட்டிருக்கும். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள செமஸ்டர் கல்லூரிகளுக்கு, வகுப்பு தொடங்கி மூன்றாவது அல்லது நான்காவது வாரம், காலை இரண்டாம் ஹவர் பொருத்தம். கடைசி ஹவர் வேண்டவே வேண்டாம். பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய பிள்ளை நாலு வரிக்கு மேல் எழுதாது, தொலைவிலிருந்து வருகிற அந்தப் பிள்ளைக்குத்தான் இந்தப் பயிற்சி அதிகம் வேண்டியது.

அமர்வு இப்படிப் போகட்டும். தொடக்கத்தில் மூன்று நிமிடம்: “அடுத்த வருஷம் வரப்போற பிள்ளைங்களுக்கு உதவியா ஒரு தொகுப்பு செய்றோம், அதுக்கு உங்க உதவி வேணும்.” இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ‘உங்களுக்குத் தன்னம்பிக்கை வளர்க்க வந்திருக்கிறோம்’ என்று சொன்ன நிமிடமே பாதிப் பலன் போச்சு. தன்னைப் பலவீனமானவன் என்று நினைத்துத்தான் இதைக் கொடுக்கிறார்கள் என்று பிள்ளைக்குப் புரிந்துவிடும். உதவி வாங்குகிறவனாக அல்லாமல் உதவி செய்கிறவனாக உட்கார வைப்பதுதான் இந்தப் பயிற்சியின் நுட்பம். பிறகு 12 முதல் 15 நிமிடம் அட்டைகளை மௌனமாக வாசிப்பது. அடுத்த 15 நிமிடம், வாசித்ததில் தனக்கு நடந்ததை ஒத்திருப்பது எது என்று எழுதுவது. ‘மாறிவிட்டதா’ என்று மட்டும் கேட்காமல், ‘மாறியிருந்தாலும் மாறாவிட்டாலும்’ என்று கேள்வியிலேயே சேர்த்துவிடுங்கள். கடைசி 20 நிமிடம், அடுத்த ஆண்டு இதே பெஞ்சில் வந்து உட்காரப்போகும் தம்பிக்கோ தங்கைக்கோ ஒரு கடிதம். அந்தக் கடிதத்தை எழுதும்போதுதான் பிள்ளை வாசித்ததைத் தன் சொல்லாக்கிக்கொள்கிறது. பிறர் சொன்ன ஆறுதல் சீக்கிரம் கரைந்துபோகும். தான் ஒருவருக்குச் சொன்னது அப்படிக் கரையாது.

வீடியோ வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. மூல வடிவத்தில் இருந்தது உண்மைதான். ஆனால் இங்கே போனில் எடுத்த காட்சி சாயங்காலத்துக்குள் வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றும். ஒரு பிள்ளை அழுதது ஸ்டிக்கராக வந்தால், செய்த நன்மையைவிடக் கெடுதல் பெரிது. கடிதம் போதும். பதிவு எண் எழுத வேண்டாம், மடித்துப் பெட்டியில் போடட்டும், எழுத்துப்பிழையை யாரும் பார்க்கக்கூடாது. நடத்துபவர் இன்டர்னல் மார்க் போடும் வகுப்பாசிரியராக இருக்கவே கூடாது. வேறு துறை ஆசிரியரும், மூன்றாமாண்டு அண்ணன், அக்காமாரில் இரண்டு பேரும் இருந்தால் சிறப்பு. எல்லோர் முன்னாலும் எழுந்து வாசிக்கச் சொல்லாதீர்கள்.

60 பேர் வகுப்புக்கு நாலு தாள் வீதம் 240 பக்கம். ஜெராக்ஸ் பக்கத்துக்கு 2 ரூபாய் என்றாலும் 480 ரூபாய். உண்மையான செலவு, கதை சேகரிக்கும் ஆசிரியரின் இரண்டு வாரச் சாயங்காலங்கள். அதைக் கணக்கில் சேர்க்காமல் ‘ஒரு மணி நேரப் பயிற்சி’ என்று சொல்வது சரியல்ல.

அதிகம் கெடுவது இரண்டு இடத்தில். ஒன்று, இதை ஊக்கப்பேச்சாக்கிவிடுவது. மைக், மேடை, பொன்னாடை, கைதட்டல், ‘எழுந்து நின்று நான் வெல்வேன் என்று சொல்லுங்கள்’. அன்று மாலை எல்லோருக்கும் உற்சாகமாக இருக்கும், பின்னூட்டப் படிவத்தில் ‘மிக நன்று’ என்று விழும். பிள்ளை தன் வாயால் ஒன்றும் சொல்லவில்லை, தன் கையால் ஒன்றும் எழுதவில்லை என்பதால் மறுநாளைக்கு அதில் ஒன்றும் மிஞ்சாது. இரண்டாவது, இன்னும் மோசமானது: ஸ்காலர்ஷிப் பட்டியலைப் பார்த்து ‘இவங்களுக்குத்தான் தேவை’ என்று பொறுக்கியெடுத்து ஒரு அறையில் உட்கார வைப்பது. எண்ணம் நல்லதாகவே இருந்தாலும், பெயர் சொல்லிப் பிரித்த அந்த நிமிடமே காயம் பட்டுவிடுகிறது.

இதற்குச் சான்று நம் நாட்டிலேயே இருக்கிறது. உத்தரப் பிரதேச கிராமங்களில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பையன்களுக்குத் தாளில் வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்து கார்லா ஹாஃபும் பிரியங்கா பாண்டேயும் பார்த்தார்கள். சாதி சொல்லப்படாதபோது உயர்சாதி, ஒடுக்கப்பட்ட சாதி என இரு தரப்புப் பையன்களும் ஏறத்தாழ ஒரே அளவு புதிர்களை விடுவித்தார்கள். ஒவ்வொருவரின் சாதியையும் எல்லோர் முன்னாலும் வாசித்தபின், ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்கள் விடுவித்தது குறைந்துபோனது. புதிர் அதே புதிர்தான், பையனும் அதே பையன்தான். ‘எஸ்சி ஸ்காலர்ஷிப் ஃபார்ம் வாங்காதவங்க எழுந்திரிங்க’ என்று வகுப்பில் நிதானமாகச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் அதே சோதனை நம் வகுப்பிலும் நடக்கிறது.

ஆகவே பயிற்சிக்கு முன் கல்லூரி தன் வீட்டைப் பார்க்க வேண்டும். ‘இங்கே எல்லோரும் போகப்போக ஒட்டிவிடுவார்கள்’ என்று அட்டையில் அடித்துக் கொடுத்துவிட்டு, நடப்பு வேறு மாதிரி இருந்தால் அது பிள்ளையிடம் சொல்லும் பொய். சரிபார்க்க வேண்டியவை சின்னச் சின்னவைதான். ஃபீஸ் கட்டாதவர் பெயரை வகுப்பில் வாசிக்கிறார்களா? ஸ்காலர்ஷிப் விவரத்தைப் போனில் தனியாக அனுப்ப முடியாதா? முதல் நாள் அறிமுகத்தில் ‘அப்பா என்ன வேலை’ என்று கேட்டே ஆகவேண்டுமா? லேப் குழுவை மார்க் வரிசையில் பிரிக்கிறார்களா? தமிழில் சந்தேகம் கேட்டால் தமிழில் பதில் வருமா? சிறப்பு வகுப்பை ஐந்து மணிக்கு வைத்தால் மலைக்குப் போகும் கடைசி பஸ் என்னாகும்? மீன் வாடை என்று ஒருவர் மூக்கைப் பிடித்தால் அந்த இடத்தில் ஆசிரியர் என்ன செய்வார்? கடைசிக் கேள்விக்கு ஆசிரியர் கூட்டத்தில் முன்கூட்டியே ஒரு பதில் முடிவாகி இருக்கவேண்டும். நடந்தபின் யோசித்தால் பேசாமல் இருந்துவிடத்தான் தோன்றும். அந்த மௌனத்தைப் பிள்ளை வேறு விதமாகப் புரிந்துகொள்ளும்.

இந்த மண்ணுக்கு இது புதிய பாடம் இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் சாமிதோப்பில் அய்யா வைகுண்டர் மக்கள் சமம் என்று சொன்னதோடு விடவில்லை. எல்லாச் சாதியாரும் ஒன்றாகத் தண்ணீர் எடுக்க முத்திரிக் கிணறு வெட்டினார், ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வைத்தார், தலைப்பாகை கட்டி வழிபடச் சொன்னார். சொல்லுக்குப் பின்னால் கிணறு இருந்தது. கதை அட்டைக்குப் பின்னால் கல்லூரியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதும் அதே கணக்குதான்.

நடந்த கொடுமைக்கும் இது மருந்தல்ல. சாதிப் பெயர் சொல்லித் திட்டியது, ராகிங், கையில் கட்டிய சாதிக் கயிற்றின் நிறம் பார்த்து அடித்தது போன்றவை புகாராகவே போகவேண்டியவை. நாங்குநேரியில் 2023-இல் பட்டியலினப் பள்ளி மாணவரைச் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டியதற்குப் பிறகு அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024-இல் அறிக்கை கொடுத்தது. கயிறு முதல் பள்ளிப் பெயரில் ஒட்டிய சாதி வரை அதில் பேசப்பட்டிருக்கிறது. அந்த வேலையைச் செய்யாமல், அடிபட்ட பிள்ளையிடம் ‘போகப்போகச் சரியாகும்’ என்ற அட்டையை நீட்டுவது அநியாயம். கடிதத்தில் யாராவது உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தை எழுதியிருந்தால், அதற்குப் பொறுப்பானவர் யார் என்று முன்பே தீர்மானித்திருக்க வேண்டும். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416 தாளின் அடியில் அச்சாகி இருக்கட்டும். பெயர் எழுதாத கடிதம் என்பதால், தேவைப்படுபவர் தானே வந்து பேச ஒரு அறையும் நேரமும் அதே தாளில் இருக்கவேண்டும்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு சில பயிற்சிகளும் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறோம். தனக்கு முக்கியமான விழுமியம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து 15 நிமிடம் எழுதும் பயிற்சி 2006-இல் அமெரிக்க ஏழாம் வகுப்பில் இனங்களுக்கிடையே இருந்த மதிப்பெண் இடைவெளியை 40 விழுக்காடு குறைத்ததாக வந்தது. பின்னால் மேடிசன் நகரப் பள்ளிகளில் பெரிய அளவில் செய்தபோது ஓர் ஆண்டு மாணவர்களிடம் சிறு பலன், அடுத்த ஆண்டு மாணவர்களிடம் பலன் இல்லை. இப்போதைக்கு இதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

ஆசிரியர் திருத்திய தாளில் எழுதும் குறிப்பு இதைவிட நல்ல முதலீடு. சிவப்பு மையில் 14 இடத்தில் சுழித்து, கீழே ‘கவனம் தேவை’ என்று எழுதிக் கொடுத்தால், தன்னைப் பற்றி ஏற்கெனவே ஒரு முடிவோடு இருக்கிறார் என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். அமெரிக்கப் பள்ளி மாணவர்களிடம் ஆய்வாளர்கள், திருத்திய தாளின் கீழே ‘உங்களிடம் பெரிய தரத்தை எதிர்பார்க்கிறேன், உங்களால் அது முடியும் என்று தெரிந்ததால்தான் இவ்வளவு திருத்தம்’ என்று ஒரு வரி சேர்த்துப் பார்த்தார்கள். 2014-இல் வெளிவந்த அந்த ஆய்வில், கட்டுரையைத் திருத்தி மறுபடி கொடுத்த கறுப்பின மாணவர்கள் பல மடங்கு கூடினார்கள். திருத்தம் உண்மையாக இருந்தால்தான் இந்த வரி பலிக்கும். திருத்தாமல் வரியை மட்டும் ரப்பர் ஸ்டாம்பாக அடித்தால் ஒரு வாரத்தில் குட்டு வெளிப்படும்.

விளையாட்டு வழி இன்னொன்று. நம் கரையோரக் கிராமங்களில் ஃபுட்பால் என்றால் உயிர், ஆகவே இது பொருந்தும். உத்தரப் பிரதேசத்தில் 1,261 இளைஞர்களை வைத்து மேட் லோ செய்த கிரிக்கெட் ஆய்வு 2021-இல் வெளிவந்தது. வெவ்வேறு சாதிக்காரர்கள் ஒரே அணியில் ஆடினால் சாதி தாண்டிய நட்பு கூடியது. எதிரணியில் நிறுத்தினால் விளைவு பெரும்பாலும் தலைகீழ். ஊருக்கு ஊர் மோதும் கோப்பை ஆட்டம் வைத்துவிட்டு ஒற்றுமை வளர்த்தோம் என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தம் இல்லை. அணியைக் குலுக்கல் போட்டுக் கலந்து பிரியுங்கள். லேப் குழுவுக்கும் இதே விதி.

பலனை அளப்பதில் ஒரு எச்சரிக்கை. 2011 ஆய்வில் பயிற்சி பெற்றவர்களிடம் பிறகு கேட்டபோது, பெரும்பாலோருக்கு அது சரியாக நினைவே இல்லை, தங்கள் வளர்ச்சிக்கு அதைக் காரணமாகவும் சொல்லவில்லை. எனவே ‘பயிற்சி எப்படி இருந்தது’ என்ற படிவம் வீண். பார்க்க வேண்டியது வருகைப்பதிவு, முதல் செமஸ்டர் அரியர் எண்ணிக்கை, இரண்டாம் செமஸ்டருக்கு வராமல் நின்றுபோனவர்கள், துறை அறைக்குச் சந்தேகம் கேட்க வந்தவர்கள். இரண்டு செக்ஷன் இருந்தால், ஒவ்வொரு செக்ஷனிலும் சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேருக்கு இந்தத் தாள், மீதிப் பேருக்கு நூலகத்தைப் பயன்படுத்துவது பற்றி அதே நீளத்தில் வேறு தாள் என்று கொடுங்கள். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கவேண்டும். 60 பேரில் வரும் வித்தியாசத்தை வைத்து முடிவுக்கு வந்துவிடாமல், மூன்று நான்கு கல்லூரிகள் சேர்ந்து, இரண்டு மூன்று ஆண்டு எண்களைக் கூட்டிப் பார்த்தால்தான் ஏதாவது தெரியும்.

ஒரே வகுப்புக்கு இதைத் திரும்பத் திரும்பச் செய்யாதீர்கள். ஒரு தடவை சொன்னால் செய்தி, மாதாமாதம் சொன்னால் ‘நமக்கு ஏதோ குறை இருக்கிறது’ என்ற சந்தேகம்தான் வளரும்.

கடிதங்களை என்ன செய்வது என்பதையும் யோசித்து வையுங்கள். அடுத்த ஆண்டுக்கு என்று சொல்லி வாங்கியதை ஸ்டோர் ரூமில் போட்டுப் பூட்டினால், வாங்கியது பொய் சொல்லி. பெட்டியைத் திறந்து வாசித்து, அடையாளம் தெரியும் வரிகளை நீக்கி, ஐந்தாறு கடிதங்களை அடுத்த ஜூனுக்கு முன் தட்டச்சு செய்யுங்கள். பழைய அட்டைகளில் இரண்டை எடுத்துவிட்டு இவற்றில் இரண்டைச் சேருங்கள். மீதிக் கடிதங்களை, எழுதியவர்கள் மூன்றாமாண்டு முடித்துப் போகும் நாளில் துறை வாசலில் ஒரு மேசையில் பரப்பி வைத்துவிடுங்கள். தன் கையெழுத்தைத் தெரிந்தவர் எடுத்துக்கொண்டு போகட்டும்.